மாட்டுப் படம் போட்ட டப்பா

ஈரத் தவிட்டுக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்: மேலே சில்லென்று இருக்கும், அடியில் இளஞ்சூடாக இருக்கும், விரல்களை விரித்துப் புரட்டும்போது புளித்த மோரும் பழைய சோறும் கொஞ்சம் வைக்கோலும் கலந்தாற்போல ஒரு வாசனை எழுந்து மூக்கில் ஏறும், கையை எத்தனை கழுவினாலும் சாயங்காலம் வரை நகக்கண்ணில் உட்கார்ந்திருக்கும். என் பத்தாவது வயதின் கோடை விடுமுறை என்றால் எனக்கு இந்த வாசனைதான். மற்ற பெண்களுக்கு மல்லிகை, மாவடு என்று நாகரிகமாக ஏதாவது வாய்த்திருக்கும். எனக்கு வாய்த்தது தவிடு. அதுவும் ஜப்பானியத் தவிடு.

அப்போது நாங்கள் மந்தைவெளியில், காரை நிறுத்தினால் சைக்கிள் போக முடியாத ஒரு சந்தில் இருந்தோம். கீழே நாங்கள், மாடி வாடகைக்கு. "சைவமா?" என்பதுதான் மாடிக்கு வருபவர்களிடம் அம்மா கேட்கும் முதல் கேள்வி, வாடகையெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த வருஷம் வீட்டுத் தரகர் ஒரு ஜப்பானியத் தம்பதியை அழைத்து வந்து, "பௌத்தா மாமி, புழு பூச்சியைக்கூட மிதிக்கமாட்டா" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மூன்றாம் நாளே, மாடியில் ஒரு டப்பாவில் மரச்சீவல் மாதிரி இருந்தது என்னவென்று அம்மா விசாரிக்க, அது காய்ந்த மீனைச் சீவியது என்றும், அது இல்லாமல் அவர்கள் ஊரில் ரசம்கூட வைக்கமாட்டார்கள் என்றும் தெரியவந்தது. தரகர் அதற்குள் ராயப்பேட்டைப் பக்கம் ஜாகை மாற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்.

அந்த அம்மாளுக்கு ஹிரோகோ என்று பெயர். முப்பது வயதுதான் இருக்கும், ஆனால் கல்யாணமாகி மாடியில் குடியிருக்கிறாள் என்பதால் எங்கள் சட்டப்படி அவள் "மாமி". கணவர் ஊருக்கு வெளியே கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. விடிவதற்குள் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். தனியாக இருந்த மாமி அம்மாவிடமே தமிழ் கற்றுக்கொண்டாள், அதனால் எங்காத்துத் தமிழ்தான் பேசினாள். மீன் சீவல் என்றதும் அம்மா முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, மறுநாளே அவள் ஒரு காரியம் செய்தாள். மீன் கலந்த சாமான் இருந்த எல்லா டப்பாவிலும் காகிதம் ஒட்டி, அதில் ஒரு மீன் வரைந்து வைத்தாள். மீன் இல்லாத டப்பாவில் மீன் வரைந்து, அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "டப்பாக்குள்ள இருக்கற வரைக்கும் எனக்குத் தெரியாது" என்று சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள்.

பெருக்கல் குறி போட்ட டப்பாக்களெல்லாம் எனக்குத் திறந்துவிடப்பட்டன. அரிசி மாவில் செய்து சுட்ட "சென்பே" எங்கள் தட்டைக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் எண்ணெய் கிடையாது, காரம் கிடையாது, கடித்தால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். "மோச்சி" என்பது பூரணம் வைத்த கொழுக்கட்டையை யாரோ கன்னத்தைப் பிடித்து இழுத்துச் செல்லம் கொஞ்சியது போல இருக்கும். பூரணத்தில் தேங்காய்க்குப் பதில் சிவப்புப் பயறு. "நோரி" என்று ஒரு கறுப்புத் தாளைக் கொடுத்தாள். அப்பா ஆபீசிலிருந்து கொண்டுவரும் கார்பன் பேப்பர் என்று நினைத்து நான் அதை நோட்டுக்கு நடுவில் வைத்து எழுதிப் பார்த்தேன். கடற்பாசி என்று தெரிந்ததும் அது சைவமா அசைவமா என்று வீட்டில் ஒரு வாரம் வழக்கு நடந்தது. குளத்துப் பாசி சைவம் என்றால் கடல் பாசியும் சைவமே என்று அப்பா தீர்ப்பளித்தார். உப்பில் ஊறிய "உமெபோஷி" பழத்தை வாயில் போட்டுக்கொண்ட அம்மா, இரண்டு கண்ணையும் இறுக்க மூடித் திறந்து, "வடுமாங்காய்க்கு அக்கா" என்றாள். அம்மா வாயால் ஒரு பண்டத்துக்கு அதற்கு மேல் பட்டம் கிடையாது.

எல்லாவற்றிலும் ராஜா அந்தத் தவிட்டு டப்பா. வெள்ளை எனாமல் பூசிய, மூடி போட்ட நீள்சதுர டப்பா. உள்ளே அரிசித் தவிடும் உப்பும் காய்ந்த மிளகாயும் ஒரு துண்டுக் கடற்பாசியும் ஊறிக்கிடக்கும். முதல் நாள் இரவு ஒரு வெள்ளரிக்காயைப் புதைத்தால் மறுநாள் ஊறுகாய். எண்ணெய் இல்லை, வெயிலில் வைக்கவேண்டியதில்லை. ஆனால் தினம் கையை விட்டு அடியிலிருந்து புரட்டவேண்டும். நம்மூர் வெயிலுக்கு இரண்டு வேளை. கரண்டி உதவாது, வெறும் கைதான். அம்மாவுக்கு இது தாங்கவில்லை. எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியைக் குளித்துவிட்டு, ஈரமில்லாத மரக்கரண்டியால், மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தொடவேண்டும். கை பட்டால் பூசணம். இதென்னடாவென்றால் கை படாவிட்டால்தான் கெட்டுப்போகுமாம். "கலிகாலத்து ஊறுகாய்" என்று அம்மா பெயர் வைத்தாள்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் மாமி அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். அவளுடைய அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகிறது; கணவரோடு ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வரவேண்டும். இது கனம், விமானத்தில் கொண்டுபோக முடியாது, ஒரு வாரம் புரட்டாமல் விட்டால் செத்துப்போகும். "என் அம்மா முப்பது வருஷம் வச்சுண்டிருந்தா. நான் கொஞ்சம் எடுத்துண்டு வந்தேன். அங்க மிச்சம் எல்லாம் போயிடுத்து," என்றவள், டப்பாவைத் தொட்டு, "இதுல எங்க அம்மா கை இருக்கு" என்றாள்.

வருஷாப்தீகம் என்றதுமே அம்மா பாதி இளகிவிட்டாள், கை என்றதும் முழுக்க. கைமணம் என்றால் என்ன என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புரட்டும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். உலகத்தில் என்னை நம்பி ஒரு பெரியவர் ஒப்படைத்த முதல் பொருள் அது. ராத்திரி தூக்கத்தில்கூட விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டேன். இளகினாலும் அம்மா அம்மாதான். அந்த வாசனைக்குச் சமையலறையில் இடம் கிடையாது என்று சொல்லிவிட்டாள். டப்பா கொல்லையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், நிழலான மூலைக்குப் போனது. அந்த மூலையில் ஏற்கனவே ஒரு வாளி உண்டு. அரிசி களைந்த கழுநீரும் காய்கறித் தோலும் அதில் சேரும். மத்தியானம் கன்னியம்மா வந்து, தன் மாடுகளுக்காக எடுத்துக்கொண்டு போவாள். கால்வாய் ஓரத்தில், பறக்கும் ரயில் பாலத்தடியில் அவளுக்கு மூன்று மாடுகள் இருந்தன.

பதினோராம் நாள் அமாவாசை. எங்கள் அப்பாவுக்கு வீட்டு வேலையில் தெரிந்தது ஒன்றே ஒன்று: அமாவாசையன்று தர்ப்பணம் முடித்து, மாட்டுக்கு ஏதாவது கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்காருவது. வழக்கமாக அகத்திக்கீரை. அன்று மயிலாப்பூர் கடைத்தெரு முழுக்க அலைந்தும் கீரை தீர்ந்துபோயிருந்தது. பசியோடு கொல்லைக்கு வந்தவர் கண்ணில், மாட்டு வாளிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறையத் தவிடு பட்டது. அதுவும் காய்கறித் துண்டு கலந்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து தயாராக. மாட்டின் மேல் வீட்டில் யாருக்கோ இவ்வளவு அக்கறையா என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனதாம். கன்னியம்மாவும் சரியாக அப்போது வந்தாள். நான் இந்தி வகுப்பில் "மேரா நாம்" எழுதிக்கொண்டிருந்தேன், அம்மா பூஜையில் இருந்தாள். அப்பா டப்பாவைக் கன்னியம்மாவின் கூடையில் கவிழ்த்து, தட்டி, புண்ணியத்தைக் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

நான் திரும்பி வந்து கொல்லைக்குப் போனபோது, டப்பா பளபளவென்று தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தது. அப்பா தம் வாழ்நாளில் தேய்த்த ஒரே பாத்திரம் அது. "பாத்தியா, நானே அலம்பிட்டேன்" என்றார்.

நான் அழவில்லை. அழ நேரமில்லை. செருப்புகூடப் போடாமல், கொதிக்கிற தாரில் கால்வாய்ப் பக்கம் ஓடினேன். முப்பது வருஷம் ஒரு அம்மா, அப்புறம் ஒரு மகள், கடைசியில் பதினோரு நாள் நான். என் முறையில்தான் போகவேண்டுமா என்று ஒவ்வொரு அடிக்கும் தோன்றியது. பாலத்தடியில் கன்னியம்மா மாடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாப்பா, மூச்சு வாங்க ஓடியாந்துகினு கீற?"

தவிடு, தவிடு என்று தொட்டியைக் காட்டினேன். அவள் நிதானமாகச் சொன்னாள், அய்யருக்கு நல்ல மனசுதான், ஆனால் உப்பை வாரிக் கொட்டியிருக்கிறது. லட்சுமி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது, மற்ற இரண்டும் வெட்கமில்லாமல் நக்கித் தீர்த்துவிட்டன. தொட்டியை எட்டிப் பார்த்தேன். மாடு நக்கிய சிமெண்டு எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உள்ள ரெண்டு வெள்ளரிக்கா இருந்திச்சி," என்று கன்னியம்மா தொடர்ந்தாள். "கழுவி பழைய சோத்துக்குக் கடிச்சிக்கினேன். சோக்கா இருந்திச்சி. கேரட்டு ரெண்டு கீது, ராவுக்கு வச்சிகீறேன்."

குடிசைக்குள்ளிருந்து அவள் எடுத்து வந்த அலுமினியக் கிண்ணத்தில் இரண்டு கேரட்டுகள், கெடாமல் இருக்கட்டும் என்று அப்பின தவிட்டோடேயே கிடந்தன. சுரண்டினால் ஒரு பிடி தேறும். அந்தப் பண்டத்தின் அருமையை எங்கள் சந்தில் முதன்முதலில் தெரிந்துகொண்டவள் கன்னியம்மாதான். நாங்கள் வாசனையோடு நின்றுவிட்டோம், அவள் ருசி பார்த்தாள். எனக்கு அந்த நாக்கைக் கும்பிடவேண்டும் போலிருந்தது. ராத்திரிக்குத் தொட்டுக்கொள்ள இல்லாமல் போகிறதே என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கிண்ணத்தோடு கொடுத்தனுப்பினாள். கூடவே, மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த புதுத் தவிட்டில் ஒரு படியும்.

அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள், என் காலில் கொப்புளத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். "ஒரு கரண்டி உறைமோர் இருந்தா ஊருக்கே தயிர் தோய்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எந்தச் சமையலறைக்குள் அந்த டப்பா நுழையக்கூடாதோ அதற்குள்ளேயே, அடுப்பு மேடையிலேயே ஏறிற்று. தவிட்டை வாசனை வர வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்து, உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துப் பிசைந்து, நடுவில் குழி பறித்து அந்த ஒரு பிடியைப் புதைத்தாள். பெருங்காய டப்பாவை நோக்கித் தானாக நீண்ட கையை மட்டும் சிரமப்பட்டு மடக்கிக்கொண்டாள். புளிப்பு ஏறுவதற்காகத் தினம் கோஸ் இலையைப் புதைத்து, மறுநாள் எடுத்துக் கொட்டினோம். நான் காலையில் புரட்டினேன், அம்மா சாயங்காலம் புரட்டினாள், அப்பா பிராயச்சித்தமாக, யாரும் சொல்லாமலே, ராத்திரியில் பூணூலைத் தோளுக்கு மேல் ஒதுக்கிவிட்டுப் புரட்டினார். நாலு நாள் தவிடு தவிடாகவே இருந்தது. ஆறாம் நாள் காலை மூடியைத் திறந்தபோது அந்தப் புளித்த வாசனை, மெல்லிசாக, வெளியூர் போய்த் திரும்பி வந்த மனுஷி வாசலில் நின்று குரல் கொடுப்பது போல வந்தது. அம்மா உடனே உப்பு மிளகாய் சுற்றிப்போட்டாள், டப்பாவுக்கு.

மாமியிடம் சொல்வதா வேண்டாமா என்பதில் வீடு இரண்டாகப் பிரிந்தது. "உறைமோர் பக்கத்தாத்துலேர்ந்து வாங்கினா, தோய்ஞ்ச தயிர் நம்மாத்துத் தயிர்தான். ஒருத்தரும் வாயைத் திறக்கப்படாது" என்பது அம்மாவின் கட்சி. சொல்லத்தான் வேண்டும், ஆனால் யாராவது சொல்லட்டும் என்பது அப்பாவின் கட்சி.

மாமி வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கையைக் கழுவிக்கொண்டு டப்பாவைத் திறந்தாள், மோந்து பார்த்தாள், புரட்டினாள், முதல் நாள் அம்மா புதைத்து வைத்திருந்த வெள்ளரிக்காயை எடுத்துக் கழுவி நறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். அம்மாவும் நானும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மென்று முடித்து, "நன்னா இருக்கு" என்று சிரித்தாள். பிறகு இன்னொரு துண்டை எடுத்து, மெதுவாக, எதையோ தேடுகிற மாதிரி மென்றாள். என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"மாமி, மாடு தின்னுடுத்து," என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளியது இன்னும் வலிக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன்: அகத்திக்கீரை கிடைக்காதது, கூடை, லட்சுமி, கேரட்டு, ஒரு பிடி. மாமி டப்பாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தவிட்டிலேயே விழுந்தது. உப்புக் கூடிவிடுமே என்று அந்த நேரத்திலும் ஒரு எண்ணம் வந்ததற்காக என்னை நானே வெறுத்தேன்.

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். மாடிக் குடித்தனக்காரர் எதிரில் அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "நான்தாம்மா குடுத்தேன். பார்க்காம பண்ணினது தப்பு," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா அன்னிக்கு அமாவாசை. போனவாளை நினைச்சுண்டு மாட்டுக்குக் குடுத்தா, அவாளுக்குப் போய்ச் சேரும்னு எங்களுக்கு வழக்கம்" என்றார்.

மாமி தலையை நிமிர்த்தினாள். "என் அம்மாக்குப் போகுமா?"

"போகும்னுதான் எங்காத்துல நாலு தலைமுறையா குடுத்துண்டிருக்கோம்."

அதை அவள் வெகுநேரம் மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, லட்சுமி மட்டும் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். உப்பு என்றேன். அவ்வளவுதான், அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "அம்மா எப்பவும் உப்பு ஜாஸ்திதான் போடுவா. அப்பா தினம் சண்டை."

அன்று சாயங்காலமே அந்த மாடுகளைப் பார்க்கவேண்டும் என்றாள். பாலத்தடியில் நக்கித் தீர்த்த இரண்டுக்கும் முன்னால் போய், அவர்கள் ஊர் வழக்கப்படி இடுப்பை வளைத்துக் குனிந்து வணங்கினாள். கன்னியம்மாவுக்கு ஒரு டப்பா நிறைய சென்பே கொடுத்து, "நீங்கதான் காப்பாத்தினேள்" என்றாள். வெள்ளைக்காரி மாதிரி இருக்கிறவள் அய்யர் வீட்டுப் பாஷை பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த கன்னியம்மா, கடைசியில் கேட்டது ஒன்றுதான்: அந்தக் கேரட்டு இனிமேல் எப்போது கிடைக்கும்? அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் கழுநீர் வாங்க வரும்போது கன்னியம்மாவுக்கு ஒரு கிண்ணம் ஊறுகாய் என்று வழக்கமானது. வருஷம் பூராவும் அதை வாங்கித் தின்றவள் அவள் ஒருத்திதான்; நாங்கள் மெல்ல மெல்லத்தான் பழகினோம்.

இரண்டு வருஷம் கழித்து மாமி ஊருக்கே திரும்பிப் போனபோது, தவிட்டைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியைத் தான் எடுத்துக்கொண்டு, மறுபாதியை அந்த வெள்ளை எனாமல் டப்பாவோடேயே எங்களுக்கு விட்டுப்போனாள். மூடியில் புதுக் காகிதம் ஒட்டியிருந்தது. அதில் ஒரு மாடு, அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி.

இப்போது நான் கோட்டூர்புரத்தில், ஆற்றைப் பார்த்த அடுக்குமாடியில் இருக்கிறேன். ஜப்பான் சாப்பாடு ஊருக்குப் புதிதல்ல. நோரியைப் பார்த்து யாரும் கார்பன் பேப்பர் என்று சொல்வதில்லை. சொன்னாலும் கார்பன் பேப்பர் என்றால் என்ன என்று என் மகளுக்குத் தெரியாது. மோச்சி செல்போனில் சொன்னால் வாசலுக்கு வருகிறது. மாட்டுக்கு வாங்கிய தவிடு இயற்கை அங்காடியில் கண்ணாடிப் புட்டியில் ஏறிக்கொண்டுவிட்டது. கால்வாய் ஓரத்துக் குடிசைகளை எடுத்து, கன்னியம்மாவையும் மற்றவர்களையும் ஊருக்கு வெளியே எங்கோ மூன்றாவது மாடியில் குடிவைத்தார்கள். மாட்டை மூன்றாவது மாடிக்கு ஏற்ற முடியாதே, விற்றுவிட்டுத்தான் போனாள். எங்கள் சந்து வீடும் இல்லை. அம்மா போய் நாலு வருஷமாகிறது.

டப்பா மட்டும் என் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. கடைசி வருஷம் வரை, சாயங்கால வேளைப் புரட்டல் அம்மாவுடையதாகத்தான் இருந்தது. மூடியைத் திறந்தால் மகள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். இந்தக் கண்ராவியை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று போன மாதம் கேட்டாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு ஒருத்தி எங்கள் கூடத்தில் நின்று சொன்ன வாக்கியம், ஒரு சொல் மாறாமல் என் வாயில் வந்தது. "இதுல எங்க அம்மா கை இருக்கு" என்றேன்.

அன்று அமாவாசை. ஒரு பிடி தவிட்டை டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துக்கொண்டு மாட்டைத் தேடிப் புறப்பட்டேன். அன்றைக்குத் தெரியாமல் நடந்ததை இன்றைக்குத் தெரிந்தே செய்யலாமென்று. கோட்டூர்புரத்தில் ஒரு மாடு இல்லை. மந்தைவெளியில் இல்லை. பாலத்தடியில் கார்கள் நின்றிருந்தன. கடைசியில் ஒரு கோயில் கோசாலையில் நாலைந்து இருப்பதாகச் சொன்னார்கள், போனேன். வேலிக் கம்பியில் பலகை மாட்டியிருந்தது: மாடுகளுக்கு வெளி உணவு கொடுக்காதீர்கள். எழுதியிருப்பது போதாதென்று ஒரு தட்டு வரைந்து, அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி வேறு.

அங்கேயே நின்று தனியாகச் சிரித்தேன். காவலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, அந்த ஒரு பிடியைத் திரும்ப டப்பாவிலேயே போட்டு, அடியிலிருந்து மேலாகப் புரட்டினேன். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூக்கிலிருந்து கையை எடுத்து, உள்ளே விட்டாள்.